திரும்புதல் என்னும் வினை

தமிழ்க் கிறித்தவ வழக்கில் நிலைபெற்றுவிட்ட சொற்களுள் ஒன்று ‘மனந்திரும்புதல்’. செய்த குற்றத்தை எண்ணி வருந்துவதே இதன் பொருள் எனப் பலரும் கொள்கின்றனர். சொல்லமைப்பை நோக்கினால் வருத்தத்தைக் குறிக்கும் கூறு எதுவும் அதில் இல்லை. மனம் என்னும் பெயரும் திரும்பு என்னும் வினையுமே உள்ளன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய ‘மெட்டனோயா’ மனமாற்றத்தைச் சுட்டுவது. எபிரேய வினையாகிய ‘ஷூவ்’ சென்ற வழியினின்று திரும்பி வருதலைச் சுட்டுவது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவூட்டுவது நம் தமிழ்ச்சொல்லின் சிறப்பு.

எபிரேய மறைநூலில் ‘ஷூவ்’ ஆயிரம் இடங்களுக்கு மேல் வருகிறது. வழிப்போக்கன் ஊர் திரும்புவதற்கும் படை பின்வாங்குவதற்கும் இதே வினைதான். தீர்க்கதரிசிகள் இந்த அன்றாடச் சொல்லையே எடுத்து அறத்தின் சொல்லாக்கினர்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ், தெக்கோவா என்னும் ஊரில் ஆடு வளர்த்தவர். அவர் காலத்தில் இஸ்ரவேல் நாடு செல்வச் செழிப்புடன் இருந்தது. பெத்தேல், கில்கால் ஆகிய வழிபாட்டுத் தலங்களில் பலிகளுக்கும் காணிக்கைகளுக்கும் குறைவில்லை. ஆயினும் அவர் நூலின் நான்காம் அதிகாரத்தில், மக்கள் இறைவனிடம் திரும்பவில்லை என்னும் குற்றச்சாட்டு ஐந்து முறை ஒலிக்கிறது. கால்கள் தலத்தை அடைந்தன. ‘திரும்புதல்’ என்னும் வினை மட்டும் நிறைவேறவில்லை.

எங்கே அது நிறைவேறவில்லை? எட்டாம் அதிகாரம் விடை தருகிறது. ஓய்வுநாள் எப்பொழுது முடியும், கடையை எப்பொழுது திறக்கலாம் எனக் காத்திருக்கும் வணிகரை ஆமோஸ் காட்டுகிறார். அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. அது முடிந்ததும் அளவைக் குறைத்து, கள்ளத் தராசில் நிறுக்கின்றனர். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பால்வாளி சுமந்து நிறுவைக்குக் காத்து நின்ற தலைமுறைக்கு, தராசின் முள் சற்றே சாய்ந்தால் அடுப்பில் என்ன குறையும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தீர்க்கதரிசிகள் சடங்கை அடியோடு மறுத்தனரா? இங்கு இலக்கணம் துணைபுரிகிறது. ஓசியா நூலின் ஆறாம் அதிகாரத்தில் இணையடிகள் இரண்டு உண்டு. முன்னடி, பலி அன்று, இரக்கமே வேண்டும் என்னும் பொருளது. பின்னடியில் ‘அன்று’ என்னும் மறுப்புக்கு மாறாக ‘மின்’ என்னும் ஒப்பீட்டுச் சொல் நிற்கிறது. தகனபலியைக் காட்டிலும் இறைவனை அறிதலே மேல் என்பது அதன் கருத்து. ஓரடி மற்றதற்கு உரையாவது எபிரேயச் செய்யுளின் இயல்பு. ஆகவே முன்னடியின் மறுப்பு, சடங்கை நீக்குவதன்று. எது முதன்மையானது என வரிசைப்படுத்துவது.

யோவேலின் நூலும் இதற்குச் சான்று. ஆடையைக் கிழித்துக்கொள்வது அக்காலத் துக்க வழக்கம். யோவேல் கிழிக்கச் சொன்னது நெஞ்சை. ஆனால் அதே அதிகாரத்தில் எக்காளம் ஊதி, நோன்பு அறிவித்து, ஊரைக் கூட்டவும் சொல்கிறார். அவர் ஆளும் ‘லேவ்’ என்னும் சொல் உணர்ச்சியை மட்டும் குறிப்பதன்று. எண்ணமும் முடிவெடுக்கும் ஆற்றலும் உறைகின்ற இடம் அது. ‘இதயம்’ என்பதைவிட நம் ‘நெஞ்சு’ அதற்கு நெருங்கியது. நெஞ்சைக் கிழித்தலாவது, அழுவதோடு அமையாமல், எடுத்த தவறான முடிவை முறித்தல்.

இம்மரபோடு தொடர்பின்றியே தமிழிலும் இத்தகைய குரல் எழுந்தது. இறைவனை எங்கும் உணராதவர்க்கு ஆற்றிலும் கடலிலும் நீராடிப் பயன் என்ன என வினவியவர் திருநாவுக்கரசர். அவரே உழவாரப்படை ஏந்தித் தலந்தோறும் சென்று திருமுற்றம் செதுக்கியவர். ‘உணராதவர்க்கு’ என்னும் நிபந்தனையை விட்டுவிட்டுப் படித்தால் அவர் வினாவும் பிழையாகவே பொருள்படும்.

எனவே, சடங்கை விட்டுவிட்டு ‘மனம் தூய்மையானால் போதும்’ என்று சொல்லிக்கொள்பவரும் திரும்பியவர் ஆகிவிடமாட்டார். திரும்புதல் வினைச்சொல், அதற்குச் செயல் வேண்டும். ஆமோஸ் அச்செயலைத் தேடியது பலிபீடத்தில் அன்று, தராசில்.