கிடைக்காத திருகாணி: கொழும்பை முன்வைத்து ஒரு விளக்கம்

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் நீராவியையும் தறியையும் பற்றி விரிவாகப் பேசுவர்; அவற்றின் உறுப்புக்களைப் பிணைத்து நிற்கும் திருகாணி அவர்தம் கண்ணிற் படுவது அரிது. ஆயின் வெள்ளவத்தையிலே வீட்டு முன்னறையில் பழைய சிங்கர் பொறியொன்றை வைத்துத் தைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு, ஊசியை இறுக்கும் சிறு திருகாணி தேய்ந்துபோன அன்றே அதன் முக்கியத்துவம் விளங்கிவிடும். உற்பத்திச் சாதனம் அவருடையது. அதனை இயங்கச்செய்யும் சிறு உலோகத்துண்டு காலி வீதிக் கடைகளில் ஏறியிறங்கினாலும் எளிதில் அகப்படுவதில்லை. இதன் காரணத்தையே ஈண்டு நோக்குகிறோம்.

திருகாணியை நிர்ணயிப்பவை விட்டம், புரியிடைத் தூரம், புரியின் கோணம் என்பன. மார்க்ஸ் 'மூலதன'த்தில் குறிப்பிடும் மோட்ஸ்லியின் பட்டறையில் வேலைசெய்த ஜோசப் விட்வேர்த், 1841 இல் 55 பாகைக் கோணத்தையுடைய பொதுப்புரியை முன்மொழிந்தார். 1864 இல் அமெரிக்கரான செல்லர்ஸ் 60 பாகைப் புரியை முன்வைத்தார். அரை அங்குல ஆணியில் விட்வேர்த் புரி அங்குலத்துக்கு 12. அமெரிக்கப் புரி 13. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் ஒன்றன் சுரை மற்றதில் ஏறாது. இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் தளபாடங்களே இதனால் இடர்ப்பட்டன. 1948 இலேயே அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகியவை பொதுப்புரியொன்றுக்கு உடன்பட்டன. பிரித்தானியப் பொறிகளோடு விட்வேர்த் புரி இலங்கை வந்தது. பின்னர் யப்பானியப் பொருள்களோடு மெற்றிக் புரி வந்தது. ஒன்று வந்ததால் மற்றது மறையவில்லை. கொழும்பின் பட்டறைகளில் இவை அக்கம்பக்கமாகவே கிடக்கின்றன.

தையற்பொறியின் நிலை இன்னும் சிக்கலானது. 1877 முதல் இந்நாட்டில் விற்பனையான சிங்கர், பொதுப்புரி எதற்கும் அடங்காத தன் அளவுகளையே கையாண்டது. அங்குலத்தின் 64 இல் 9 பங்கு விட்டமும் அங்குலத்துக்கு 40 புரியும் கொண்ட ஆணி அவற்றுளொன்று. மெற்றிக் முறையைக் கைக்கொண்ட யப்பானின் ஆடைத்தொழிற்சாலைப் பொறிகளிலும் இவ்வளவு இன்றுவரை வழங்குகிறது. புரியைத் தனதாக்கிக்கொள்ளும் உற்பத்தியாளன், பொறியை விற்ற பின்னரும் வாங்கியவரைப் பிடித்துவைத்திருக்கிறான் எனலாம்.

எனவே தேடுவோர் தேய்ந்த ஆணியை மட்டுமன்றி, இயலுமாயின் அது பொருந்தும் உறுப்பையும் கொண்டுசெல்லல் வேண்டும். புரிமானி இல்லாதவிடத்து, ஆணியைத் தாளில் அழுத்தி உருட்டி, ஓரங்குலத்துள் விழும் கோடுகளை எண்ணலாம். 16 இல் 5 பங்கு அங்குல ஆணிக்கும் 8 மில்லிமீற்றர் ஆணிக்கும் விட்ட வேறுபாடு 0.06 மில்லிமீற்றரே, ஆயின் முன்னதன் புரியிடை 1.41, பின்னதன் புரியிடை பொதுவாக 1.25. இரண்டொரு சுற்று ஏறியபின் இறுகும். பலவந்தப்படுத்தினால் பொறியின் உட்புரியே அழிந்துவிடும். (சங்கில் வலம்புரி அரிது, திருகாணியிலோ இடம்புரிதான் அரிது. துவிச்சக்கரவண்டியின் இடது மிதியைக் கழற்ற முனைந்தோர் இதனை அறிவர்.)

பொதுவான அளவுகளுக்குப் பழைய சோனகத் தெருவும், வாகன ஆணிகளுக்குப் பஞ்சிகாவத்தையும் உதவும். எங்கும் கிடையாவிடின் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கடைசற் பட்டறைகளே கதி. அங்கு ஓர் ஆணிக்குக் கேட்கப்படும் கூலி சிலருக்கு அநியாயமாகத் தோன்றலாம். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வெட்டப்படும்போது ஓர் ஆணியில் உறையும் உழைப்புநேரம் மிகச் சிறிது. பட்டறையிலோ அளத்தல், பொறியை ஒழுங்குசெய்தல், வெட்டல் ஆகிய அனைத்தும் அந்த ஓர் ஆணியின் மேலேயே விழுகின்றன. கடைசற்காரர் கொள்ளையடிப்பதாகக் கூறுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

ஆணி எங்கே உண்டு என்னும் அறிவு பெரும்பாலும் ஏட்டில் இல்லை. கடைச் சிப்பந்திகளின் நினைவிலேயே உள்ளது. 1983 யூலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களில் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டபோது சரக்கோடு இத்தகைய அறிவும் சிதறியது. சரக்குக்கு விலை மதிக்கலாம். எந்த இலாச்சியில் எந்தப் புரி உண்டென அறிந்த ஒருவர் கடல் கடந்து போனால் அதனை எக்கணக்கில் எழுதுவது? 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, பழையதைப் பழுதுபார்க்கும் தேவை மீண்டும் மேலோங்கிற்று. பழுதுபார்ப்போர் இறந்த பொறியை இரும்பு விலைக்குக் கொடுக்குமுன் அதன் ஆணிகளைக் கழற்றி, எண்ணெயில் நனைத்து, பால்மாத் தகரங்களில் அளவுவாரியாகச் சேர்த்துவைக்கின்றனர். ஊசியை இறுக்கும் அச்சிறு ஆணி சிலவேளை அத்தகரங்களிலேயே கிடைக்கிறது.