குடும்பத்தோடு தங்க ஒரு கூடாரம்: வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வெயில் தணிந்து குளிர்காலம் தொடங்கிவிட்டால், வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் வார விடுமுறையில் பாலைவனத்தை நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. ஊரிலும் ஏற்காடு, கொடைக்கானல் செல்பவர்களில் சிலர் விடுதி அறையை விட்டுக் கூடாரத்தைத் தேடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்கிப் போய், முதல் காற்றிலேயே கம்பு முறிந்து, நள்ளிரவில் குழந்தைகளோடு காருக்குள் ஒதுங்கியவர்கள் நம்மிடையே உண்டு.

முதலில் அளவு. 'நால்வர் கூடாரம்' என்று பெட்டியில் போட்டிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்றுதான் பொருள். பெட்டி, பைகளுக்கு அதில் இடமில்லை. நான்கு பேர் உள்ள குடும்பம் ஆறு பேருக்கானதை வாங்குவதே சரி. உயரத்தையும் கேளுங்கள். சிறிய கூடாரங்களில் நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே நின்று தொழ வேண்டுமென்றால் 190 செ.மீ.க்குக் குறையாத உயரம் தேவை. இன்னொன்று: மெல்லிய வெளிர் நிறத் துணியில், இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் உள்ளிருப்பவர்களின் நிழல் வெளியே தெளிவாகத் தெரியும். பெண்கள் உடன் வரும்போது அடர்நிறத் துணியும் நடுவே தடுப்புத் திரையும் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வடிவத்தில் கவிகை போன்ற 'டோம்' வகைதான் புதியவர்களுக்கு ஏற்றது. கம்புகள் குறுக்காக வளைந்து தாமே தாங்கி நிற்கும். காற்றும் வழுக்கிக்கொண்டு போகும். குகை போல நீளும் 'டனல்' வகையில் இடம் அதிகம். ஆனால் முளைகள் பிடித்தால்தான் அது நிற்கும். மணலில் சாதாரண முளை நிற்காது. அகலமான மணல் முளைகள் வேண்டும், அல்லது பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டிப் புதைக்க வேண்டும். நேர்ச்சுவர் கொண்ட 'கேபின்' வகை வீடு போல வசதியானது. ஆனால் பலமான காற்றில் அந்தச் சுவரே பாய்மரமாகிவிடும். வீசினால் விரியும் 'பாப்-அப்' கூடாரம் பகல் நேர நிழலுக்குப் போதும். அதை மடித்துப் பைக்குள் திணிப்பது தனி வித்தை!

துணியில்தான் நீடித்த உழைப்பு இருக்கிறது. நைலான் எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் நனைந்தால் தொய்ந்துவிடும். பாலியஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது, வெயிலையும் அதைவிட நன்றாகத் தாங்கும். எனவே வளைகுடா வெயிலுக்கு நமது தேர்வு பாலியஸ்டர்தான். பருத்திக் கித்தான் பல ஆண்டுகள் உழைக்கும், உள்ளே புழுக்கமும் குறைவு. நனையும்போது நூலிழைகள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும்; பதுவீன்களின் ஆட்டுரோமக் கூடாரம் மழையைத் தடுப்பதும் இப்படித்தான். ஆனால் கித்தானின் எடை அதிகம், கார் இல்லாமல் தூக்க முடியாது.

நீர்த்தடுப்புத் திறனை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். துணி எத்தனை மி.மீ. உயர நீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பதே அந்தக் கணக்கு. கூரைக்கு 1500, நாம் மிதித்து அழுத்தும் தரைக்கு 3000 இருந்தால் பெரும்பாலான பயணங்களுக்குப் போதும். தையல்களின் மேல் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பு அலுமினியமாக இருந்தால் பெரும்பாலும் வளையும், நிமிர்த்திக்கொள்ளலாம். ஃபைபர் கிளாஸ் கம்பு பிளந்துவிடும்.

தீ விஷயத்தில் மினாவை நினைவுகூராமல் இருக்க முடியாது. 1997 ஏப்ரல் 15 அன்று அங்கே ஏற்பட்ட தீயில் சுமார் 70,000 கூடாரங்கள் எரிந்தன. ஹாஜிகள் 343 பேர் உயிரிழந்ததாக அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகே டெஃப்லான் பூசிய ஃபைபர் கிளாஸ் துணியாலான, எளிதில் தீப்பற்றாத கூடாரங்கள் அங்கே நிறுவப்பட்டன. நாம் கடையில் வாங்குவது அந்தத் துணி அல்ல. பாலியஸ்டரும் நைலானும் உருகி எரிபவை. அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே, தள்ளியே வையுங்கள்.

அதைவிட மறைவான ஆபத்து கரி. குளிருக்காக, அணைந்தது போலத் தோன்றும் கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கினால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். காற்றுத் துளைகள் இருக்கின்றனவே என்று எந்த வகைக் கூடாரத்தையும் நம்பி இதைச் செய்யக் கூடாது. கூடுதலாக ஒரு போர்வை எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பி வந்ததும் ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள். கித்தானில் பூஞ்சை பிடிக்கும். பாலியஸ்டரின் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். மொட்டை மாடி நிழலில் விரித்து, முழுவதும் உலர்ந்த பின் தளர்வாக மடித்து வையுங்கள். புதிதாக வாங்கியதையும் அதே மாடியில் ஒருமுறை கட்டி, குழாயால் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். ஒழுகினால் ரசீது கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம்.