சைரனுக்கு முந்தைய நிமிடங்கள்

2008 செப்டம்பரில் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு மாணவரின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே மாதம் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. முதல் சம்பவம் மலையாளத்தில் ‘டிராஃபிக்’ படத்துக்கு விதையானது. தமிழில் ‘சென்னையில் ஒரு நாள்’ என்று வந்தது. இரண்டாவது, ஊர்ப்பெயர்ப் பலகை மாதிரி கண்ணில் பட்டும் படாமலும் பழகிப்போன ஓர் எண் ஆகிவிட்டது. ஆம்புலன்ஸ் என்றதும் இன்றும் நம் மனக்கண்ணில் ஓடுவது அந்தச் சினிமா வண்டிதான்: விலகும் கூட்டம், பறக்கும் சக்கரம், பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஓட்டுநர். அந்த 11 நிமிட ஓட்டத்தின் மகிமையைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது ஏன் பலித்தது என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு முனையில் இதயத்தை எடுத்துக் கொடுக்க ஒரு மருத்துவக் குழு, மறுமுனையில் அதை வாங்கிப் பொருத்தத் தயாராக இன்னொரு குழு, நடுவில் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்ட சாலை. இரு முனையும் ஆயத்தமாக இருந்ததால்தான் நடுவிலிருந்த வேகத்துக்கு மதிப்பு வந்தது. அன்றாட 108 அழைப்பில் அந்த முதல் முனையில் இருப்பது நாம். அங்கேதான் ஓட்டை.

ஓர் அவசர வண்டியில் கூடவே போய்ப் பார்ப்பவருக்கு முதலில் புலப்படுவது, வண்டி ஓடும் நேரம் மொத்தக் கதையில் ஒரு பகுதிதான் என்பது. வீட்டில் ஒருவர் சுருண்டு விழுகிறார். ‘கேஸ் ட்ரபிளா இருக்கும்’ என்று சோடா வாங்கப் போகிறார்கள். மகனுக்குப் போன் போகிறது, பிறகு மைத்துனருக்கு, மூன்றாவதாகத்தான் 108-க்கு. எதிர்முனையில் கேட்பவருக்குத் தேவை ஊர், தெரு, அடையாளம். பதற்றத்தில் இருப்பவர் சொல்வது, ‘பிள்ளையார் கோயில் பக்கத்துல, சீக்கிரம் வாங்க.’ பிள்ளையார் கோயில் இல்லாத தெரு எது? வண்டி வந்தபின் குறுக்கே நிற்கும் பைக்குகளை நகர்த்த வேண்டும். மூன்றாவது மாடி என்றால் ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாது. படிக்கட்டின் திருப்பத்திலும் வளையாது. கடைசியில் பெட்ஷீட்டின் நான்கு முனையைப் பிடித்தோ, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோ இறக்குவார்கள். 108 சேவையில் ஓட்டுநரைப் ‘பைலட்’ என்பார்கள். சாலையில் அந்தப் பைலட் எவ்வளவு சாமர்த்தியமாக ஓட்டி மிச்சம் பிடித்தாலும், மாடிப்படியில் அது கரைந்துவிடும்.

வேகம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பதை அமெரிக்காவில் கடிகாரம் வைத்தே அளந்திருக்கிறார்கள். வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் 1995-இல் வெளியான ஆய்வில், சைரன் போட்டு நோயாளியைக் கொண்டுபோனதால் மிச்சமானது சராசரியாக 43.5 விநாடி. மினியாபொலிஸில் 1998-இல் வந்த ஆய்வில் நகரச் சாலையில் நோயாளியிடம் போய்ச் சேர்வதில் சராசரியாகச் சுமார் 3 நிமிடம் மிச்சமானது. இதற்குக் கொடுக்கும் விலையும் கணக்கில் இருக்கிறது: அந்நாட்டின் தரவுகளை வைத்து 2019-இல் வந்த ஓர் ஆய்வின்படி, நோயாளியை ஏற்றிச் செல்லும் ஒரு லட்சம் பயணங்களில் விபத்து, சைரன் இல்லாமல் 7, சைரனோடு 17. பின்னால் நோயாளியின் கையில் ஊசி ஏற்ற முயலும் மருத்துவ உதவியாளர் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், விழுந்த இடத்தில் போகும் நிமிடத்தின் விலை. இதயம் நின்றவரின் நெஞ்சை யாரும் அழுத்திக் கொடுக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை சரிகிறது. மைத்துனருக்குப் போன் போட்ட நேரம் இந்தக் கணக்கில்தான் கழிகிறது. பெல்ஃபாஸ்ட் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் 1966-இல் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும், கார் பேட்டரியில் இயங்கும் டிஃபிபிரிலேட்டரை வண்டியில் ஏற்றியது இந்தக் கணக்கு புரிந்ததால்தான். நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுபோவதற்கு முன் சிகிச்சை நோயாளியிடம் போகட்டும் என்றார். அந்தக் கருவியின் எடையோ சுமார் 70 கிலோ! அந்தக் காலத்து அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியது அமரர் ஊர்தி நடத்துபவர்கள். ஆளைப் படுக்க வைக்க இடமுள்ள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அந்த வண்டியை மாற்றிவிட்டார்கள். ‘தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடு’ என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் பாக்கி இருக்கிறது.

தீ விஷயத்தில் கணக்கு இன்னும் இரக்கமற்றது. அமெரிக்காவின் யு.எல். ஆய்வகம் இரண்டு கூடங்களுக்கு அருகருகே தீ வைத்துப் பார்த்தது. பருத்தியும் மரமுமாக இருந்த பழைய பாணிக் கூடம் முழுசாகப் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஃபோம் சோபாவும் செயற்கை இழைத் திரையும் போட்ட இன்றைய கூடம் 4 நிமிடம்கூடத் தாங்கவில்லை. எந்த ஊர் தீயணைப்பு வண்டி 4 நிமிடத்தில் வந்து குழாயை விரிக்கும்? அந்த நேரத்தில் உயிரைக் காப்பது வீட்டில் இருப்பவர் செய்யும் அற்பமான ஒரு வேலை: வெளியே ஓடிவரும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வருவது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் பலியானதற்கும் வண்டி வந்த வேகம் காரணமில்லை. கூரையில் கீற்றும், இறங்க ஒரு குறுகலான படிக்கட்டும் இருந்த அந்தக் கட்டடத்தில் அவர்களின் விதி முன்பே எழுதப்பட்டிருந்தது.

‘மினியாபொலிஸ் கணக்கை அண்ணா சாலையில் கொண்டுவந்து வைக்காதீர்கள்’ என்று ஒருவர் மறிக்கலாம். நியாயம்தான். நம் நெரிசலில் வழி கிடைத்தால் மிச்சம் அதிகம், கிடைக்காவிட்டால் நஷ்டமும் அதிகம். வழிவிடாதவருக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 10,000 ரூபாய் அபராதம் வைத்திருப்பதும் சரியே. ஆனால் சாலை மோசமாக இருப்பது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. வண்டி எப்போது வரும் என்று உறுதியில்லாத ஊரில், வருவதற்கு முன் நடப்பதற்கு மதிப்பு கூடத்தானே செய்யும்? 2016-இல் சென்னையில் இருசக்கர ஆம்புலன்ஸ் விட்டதும் இதைப் புரிந்துகொண்டுதான். அது யாரையும் ஏற்றிச் செல்லாது. முதலில் போய்ச் சேரும், அவ்வளவே.

‘பழக்கமில்லாதவர் கைவைத்தால் விபரீதமாகிவிடும்’ என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை. அடிபட்டவரின் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கித் திணிப்பதும், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கெடுதலே. ஆனால் இவை நடப்பது ஒன்றும் சொல்லிக்கொடுக்காததால். பீறிடும் இரத்தத்தைத் துணி வைத்து அழுத்திப் பிடிக்க மருத்துவப் படிப்பு வேண்டாம். நெஞ்சு அழுத்தும்போது விலா எலும்பு முறிந்துவிடாதா என்றால், முறியலாம். முறிந்த விலா ஒட்டிக்கொள்ளும். தெருமுனையில் போய் நின்று கையைக் காட்டி வண்டியை உள்ளே திருப்பி விடுபவரால் எந்த விபரீதமும் வராது. ஓர் அழைப்பில் மிக அதிக நேரத்தை மிச்சம் பிடிக்கும் மனிதர் பல சமயம் அவராகவே இருப்பார்.

கனமான ஆட்சேபம் மூன்றாவது. அரசு செய்ய வேண்டியதை அக்கம்பக்கத்தார் தலையில் கட்டுகிறீர்கள், வண்டி தாமதமானால் பழி உங்கள் மேல் என்று நாளைக்குச் சொல்லிவிடுவார்களே என்பது. இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. சியாட்டில் கதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அங்கே தீயணைப்பு வீரர்களையே மருத்துவ உதவியாளர்களாகத் தயார் செய்து 1970-இல் ‘மெடிக் ஒன்’ தொடங்கினார்கள். இதய மருத்துவர் லியனர்ட் காப், தீயணைப்புத் தலைவர் கோர்டன் விக்கரி இருவரும் அடுத்த ஆண்டே ஊர்மக்களுக்கு நெஞ்சு அழுத்தக் கற்றுக்கொடுக்க இறங்கினார்கள். நல்ல வண்டி இருந்தும் அது போதாது என்று கண்டதால் வந்த யோசனை அது. பின்னால் அந்த வட்டாரத்தில், அழைப்பை எடுப்பவரே போனில் ‘நெஞ்சின் நடுவில் கையை வையுங்கள், நான் எண்ணுகிறேன், அழுத்துங்கள்’ என்று வழிநடத்தும் முறையும் வந்தது. அங்கே மக்கள் பங்கு கூடியபோது அரசின் வேலை குறையவில்லை, பெருகியது. பயிற்சி, பணியாளர், பணம் எல்லாம் கூடுதலாகப் போடவேண்டி வந்தது.

நம் ஊரில் கூடுதலாக ஒரு தடை: பயம். அடிபட்டவரைத் தொட்டால் சாட்சி சொல்ல அலைய வேண்டும், ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்பார்கள் என்ற பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. உதவியவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே அது வந்தது. பெயர் சொல்லச் சொல்லிக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கிறது. சட்டமும் பணமும் வந்தாயிற்று. ஆனால் விபத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு 134ஏ தெரியும்? ஹெல்மெட் போடச் சொல்லிச் சாலையோரம் வைக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே, ‘தொடலாம், யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்’ என்று இன்னொன்றும் வைக்கலாம். பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒரு பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திப் பழக்கலாம். புதிய அடுக்குமாடிக்கு வரைபட அனுமதி கேட்டு வரும்போது, ஒரு லிஃப்டாவது ஸ்ட்ரெச்சர் நீளத்துக்கு இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பார்க்கலாம்.