பெயர் சொல்லும் பெண்கள் – 17: எடுத்தபாதத்தின் முகவரி

சென்ற வாரம் பெண்களின் பெயருக்குப் பின்னால் சேரும் ‘அம்மாள்’, ‘ஆயி’, ‘ஆத்தாள்’ ஒட்டுகளோடு நிறுத்தினோம். இந்த வாரம் சோழ அரசகுலத்துப் பெண்பெயரான குந்தவை என்று சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்தேன். அரசிகளைத் தேடிப் போன இடத்தில் நானூறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கோயிலின் திருச்சுற்று மதிலில் வெட்டப்பட்ட மிக நீண்ட கல்வெட்டு அது. முதலாம் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக்கு, அதாவது 1014க்கு உரியது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண்ணாகக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் அதைப் பதிப்பித்தார். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்து, ஆளுக்கொரு வீடும் பங்கும் கொடுத்திருக்கிறான் ராஜராஜன். கல்வெட்டு அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது. தளி என்றால் கோயில்.

பட்டியல் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் தெரு: தெற்குத் தளிச்சேரி. பிறகு எந்தப் பக்கத்து வரிசை: தென்சிறகு. பிறகு வீடு: தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. அதன்பின் அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்ற குறிப்பு. கடைசியில்தான் பெயர். தென்சிறகு தலைவீட்டில் இருப்பவள் நக்கன் சேரமங்கை. தஞ்சைப் பக்கத்து அக்கிரகாரங்களில் தெருவின் வீட்டு வரிசையை இன்றும் சிறகு என்பார்கள். அந்தத் தெருக்கள் மட்டும் இருந்திருந்தால், ஆயிரம் ஆண்டு கழித்தும் ஒரு தபால்காரர் யாரையும் கேட்காமல் சேரமங்கை வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார். அந்தக் காலத்துச் சாதாரணப் பெண் ஒருத்தியின் வீட்டு வாசல் வரை நம்மைக் கூட்டிப்போகும் ஆவணம் வேறெங்கே இருக்கிறது?

எல்லாப் பெயருக்கும் முன்னால் நக்கன் நிற்கிறது. நக்கன் சிவனின் பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்ணின் பெயருக்கு முன்னே தகப்பன் பெயரை வைப்பது வழக்கம். இந்தப் பெண்களுக்கு அந்த இடத்தில் சிவனே நிற்கிறான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்ற பேச்சு பட்டியலில் இல்லை.

இனி பெயர்கள். சோழகுலசுந்தரி, தில்லையழகி, ஏகவீரி, விச்சாதரி, உதாரி, பட்டாலி. தேசிச்சி என்று ஒருத்தி. இன்னொருத்தி பெரிய தேசிச்சி. ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவளைப் ‘பெரிய’ சேர்த்துக் கூப்பிடும் நம் வீட்டு வழக்கத்தை அந்தக் கணக்கர் அப்படியே கல்லில் ஏற்றியிருக்கிறார். தெருவில் எப்படிக் கூப்பிட்டார்களோ, அப்படி.

மறைக்காடு என்று ஒருத்தி. திருவையாறு என்று ஒருத்தி. வெறும் ஊர்ப்பெயர். பின்னால் அம்மாளும் இல்லை, வல்லியும் இல்லை. இன்று சிதம்பரம், பழனி, அண்ணாமலை, காசி என்றால் ஆண். பெண்ணுக்கு என்றால் பழனியம்மாள், காசியம்மாள் என்று ஒட்டுப் போட வேண்டும். 1014இல் திருவையாறு என்று கூப்பிட்டால், அந்தத் தெருவில் ஒரு பெண் திரும்பிப் பார்த்திருப்பாள். சென்ற வாரம் நாம் பார்த்த ஒட்டுகள் ஒன்றுகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. தலத்தின் பெயரை முழுசாகச் சூடும் உரிமை எப்போது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆனதோ தெரியவில்லை, அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். மறைக்காடு எவ்வளவு அழகான பெயர்!

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத பெயர் இன்னொன்று: எடுத்தபாதம். நடராசரின் தூக்கிய திருவடி. அதைப் பெயராகச் சூடிய பெண்ணுக்கு ஆடுவதுதான் வேலை. அவளுக்கு ஆண்டுக்கு ஒரு பங்கு, அதாவது நூறு கலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்றால் 1,200 மரக்கால். அந்த நெல்லை அளந்த மரக்காலுக்கு என்ன பெயர் தெரியுமா? ஆடவல்லான். நடராசரை அந்தக் கோயிலில் அழைத்த அதே பெயர். ஆடவல்லானால் அளந்த நெல்லை எடுத்தபாதம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இதோடு முடியவில்லை. ஆடவல்லான் மரக்கால், ராஜகேசரி என்ற அளவுக்குச் சமம் என்கிறது கல்வெட்டு. ராஜகேசரி, பரகேசரி இரண்டும் சோழ மன்னர்கள் மாறி மாறிப் புனைந்த பட்டங்கள், ராஜராஜன் ராஜகேசரி. அதே தென்சிறகு வரிசையில் ஒரு பெண்ணின் பெயரும் ராஜகேசரி! அரசனுக்கு, அளவுக்கு, ஆடல் மகளுக்கு ஒரே பெயர். யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை; அரசன் வெட்டுவித்த கல்லிலேயே அது நிற்கிறது. தில்லையழகியும் அப்படித்தான். ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவியின் இயற்பெயர் நக்கன் தில்லையழகியார். அரண்மனையில் ‘ஆர்’ விகுதி சேர்கிறது, தளிச்சேரியில் சேரவில்லை. வேற்றுமை அவ்வளவுதான்.

பட்டியலை இத்தனை நுணுக்கமாக எழுதியதற்குக் காரணம் நெல் கணக்கு. பங்குக்காரி இறந்தாலோ வேறு தேசம் போனாலோ, அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். தகுதி இல்லாவிட்டால் தகுந்த ஆளைத் தேர்ந்து வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. யாருடைய பங்கு என்று தெரிய பெயர் வேண்டும். அதே கல்வெட்டில் நட்டுவரும் தச்சரும் குயவரும் வண்ணாரும் உண்டு; அவர்களைப் பற்றி எழுத இது இடமில்லை.

பரவையை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பட்டியலில் பரவை உண்டு. சுந்தரரின் மனைவியான திருவாரூர்ப் பரவையாரை நினைத்து வைத்த பெயர். ராஜராஜன் மகன் ராஜேந்திரனின் மனத்துக்கு இனியவர் பெயரும் பரவை நங்கை. திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவர் அவர். அரசனும் அவரும் அங்கே சேர்ந்து நின்று வணங்கிய இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைத்ததாக அக்கோயில் கல்வெட்டு சொல்கிறது. அடியாரின் மனைவி, தளிச்சேரிப் பெண், அரசனின் அன்புக்கு உரியவள் என்று ஒரு பெயர் நடந்த தூரம் இது. இன்றைய பள்ளி வருகைப் பதிவேட்டில் பரவையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் வீட்டில் யாராவது இதை வாசித்தால் சந்தோஷப்படுவேன்.

குந்தவைக்கு இந்த வாரம் இடமில்லை. ராஜராஜனின் அக்கா ஒரு குந்தவை. வேங்கிக்கு வாழ்க்கைப்பட்ட அவன் மகள் ஒரு குந்தவை. இருவருக்கும் முன்பே, அவன் பாட்டன் அரிஞ்சயனின் தேவியரில் வீமன் குந்தவை என்று ஒருவர் இருக்கிறார். அந்த ‘வீமன்’ யார், பெயர் எந்தத் திசையிலிருந்து சோழர் வீட்டுக்குள் வந்தது என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.