வெட்டி ஒட்டிய வஸ்திரங்கள்

1866-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் வெளியான ஒரு விசித்திரமான கிரந்தத்தில் படிப்பதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. 18 தொகுதிகளிலும் பக்கத்துக்குப் பக்கம் துணிதான். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் திரட்டிய சேலை, வேஷ்டி, தலைப்பாகை, லுங்கி, சல்லா முதலான 700 வஸ்திரங்களைக் கத்தரித்துத் தாளில் பொருத்தி, இது இன்ன துணி, இன்ன ஊரில் கிடைத்தது, முழுத்துணியின் நீளம் அகலம் எடை இவ்வளவு, விலை இவ்வளவு என்று தெரிந்த மட்டில் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். இதைத் தயாரித்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; வைத்தியம் பயின்று, பம்பாய் ராணுவத்தில் மருத்துவராக உத்தியோகம் பார்த்துவிட்டு, பிற்பாடு லண்டனில் இருந்த இந்தியப் பொருட்காட்சிசாலைக்குத் தலைவரானவர்.

ஒவ்வொரு வஸ்திரத்தையும் பல துண்டுகளாக்கி, ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும்படி 20 பிரதிகள் செய்தார்கள். அவற்றில் 13 பிரதிகள் மான்செஸ்டர், பிரெஸ்டன், கிளாஸ்கோ முதலிய பிரிட்டிஷ் நகரங்களில் தங்கின. ஏழு பிரதிகள் சென்னை உட்பட இந்திய நகரங்களுக்கு வந்தன. எல்லாப் பிரதிகளிலும் ஒரே எண்ணுக்கு ஒரே துணி என்ற ஏற்பாடு இருந்தபடியால், சென்னையில் இருக்கும் வியாபாரி ஓர் எண்ணைக் குறித்துக் கடிதம் எழுதினால் போதும். மான்செஸ்டரில் இருக்கும் ஆலைக்காரர் புத்தகத்தைப் பிரித்து, அவர் கேட்கும் சரக்கைக் கையால் தொட்டே பார்த்துவிடலாம்.

இவ்வளவு பிரயாசை எதற்கு? அமெரிக்க உள்நாட்டு யுத்தம் நடந்த 1861 முதல் 1865 வரையிலான காலத்தில் அங்கிருந்து வரும் பருத்தி வரத்து நின்று, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. யுத்தம் முடிந்து ஆலைகள் மறுபடியும் ஓடத் தொடங்கியபோது, அவற்றில் நெய்யும் துணிக்கு இந்தியாவைக் காட்டிலும் பெரிய சந்தை வேறு இல்லை. இயந்திரத்துக்கு வேகம் இருந்ததே தவிர, சேலைக்குக் கரை எவ்வளவு அகலம் இருக்கவேண்டும், முந்தானையில் எத்தனை பட்டை விழவேண்டும் என்ற ஞானம் இருக்கவில்லை.

வாட்ஸனுடைய கூர்மையான புத்தி இங்கேதான் தெரிகிறது. இந்தியர் உடுத்துவதில் பெரும்பகுதி கத்தரியும் ஊசியும் படாமல் தறியிலிருந்து இறங்கியபடியே உடம்புக்கு வருவது என்பதையும், ஆகையால் கஜக்கணக்கில் நெய்து அறுத்து விற்கும் துணி இவ்விடத்தில் செல்லாது என்பதையும், ஒரு முழம் குறைந்தாலும் கரை இடம் மாறினாலும் சேலை சேலையாகாது என்பதையும் அவர் நன்றாகக் கிரகித்துக்கொண்டு, துணிகளை உபயோகத்தின்படியே வகுத்து வைத்தார். டாக்கா மஸ்லினின் இழைகளையும் ஐரோப்பிய ஆலைகளின் மிகச் சிறந்த மஸ்லின் இழைகளையும் பூதக்கண்ணாடியில் வைத்து அளந்து பார்த்து, கையால் நூற்ற டாக்கா நூலே மெல்லியது, முறுக்கும் அதற்கே அதிகம் என்று ஒளிக்காமல் எழுதியதும் அவரேதான். நம் நெசவாளருக்குப் போட்டியாக ஆலைத் துணியை இறக்கிவிடத் துணை செய்தவருடைய இந்த நேர்மையை மதிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

துணியை நறுக்கி ஏட்டில் வைக்கும் வழக்கம் வாட்ஸனுக்கு வெகு காலம் முன்பே உண்டு. அதில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்தியச் சீட்டித் துணியின் மோகம் ஐரோப்பாவை ஆட்டிவைத்ததனால், உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளரைக் காக்கவேண்டி, 1686-இல் பிரான்ஸும் 1721-இல் இங்கிலாந்தும் அதற்குத் தடை விதித்தன. தடை அமலில் இருக்கும்போதே, சுமார் 1734-இல், போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சீட்டி எழுதுவோர் அருகில் இருந்து அவர்கள் வேலையைக் கவனித்து, டுஃபே என்ற ரசாயன சாஸ்திரியின் வேண்டுகோளுக்கிணங்க விவரமாகக் குறித்துவைத்தார். குறிப்பு மட்டும் போதாதென்று, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்து எழுத்தோடு சேர்த்தார்.

அவர் கண்டது சாமானியமான வித்தை அல்ல. வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு, இரும்புக் கரைசல் பட்டதும் அதைக் கறுப்பாக்கும். ஊசியால் துளையிட்ட காகிதத்தின்மேல் கரித்தூளைத் தட்டிச் சித்திரத்தை இறக்கி, கறுப்புக் கோடுகளை இரும்புக் கரைசலாலும், சிவக்கவேண்டிய இடங்களைப் படிகாரத்தாலும் எழுதுவார்கள். படிகாரத்துக்கென்று சொல்லத்தக்க நிறம் கிடையாது. ஆனால் சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்த நீரில் துணியை முக்கினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் ஒட்டிய நிறம் வெளுப்பதில் போய்விடும். அப்புறம் நீலம் ஏறவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றெல்லாவற்றையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் இறக்குவதும், நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டிப் பச்சை வரவழைப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். இவற்றில் ஒன்று முன்பின்னாக மாறினாலும் துணி பாழ். எழுத்தால் மட்டும் விளங்காத இந்த வரிசைக் கிரமத்தைத் துண்டுத் துணிகள் விளக்கிவிட்டன. 1742-இல் கெர்து என்ற ஜேசு சபைப் பாதிரியாரும், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற தொழிலாளிகளிடம் கேட்டறிந்து, இதே வித்தையைக் கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

புதுச்சேரித் துண்டுகள் சேர்ந்த காலத்தில் ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்தது நம் தொழிலாளியின் கைப்பக்குவம். வாட்ஸன் காலத்திலோ கைப்பக்குவத்தைத் தேடவேண்டிய அவசியமே இல்லாமற்போய், வாங்குகிறவருடைய அபிருசி தெரிந்தால் போதும் என்றாயிற்று. உலகத்துக்குத் துணி அனுப்பிய தேசம் நூற்றிருபது, நூற்று முப்பது வருஷத்துக்குள் துணி இறக்குமதி செய்யும் தேசமான கதை இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவில் அடங்கியிருக்கிறது. அச்சிட்ட சீட்டுகளில் ஊர் உண்டு, விலை உண்டு. நெய்தவன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதை நினைக்கையில் மனம் வருந்தத்தான் செய்கிறது.

ஆயினும் இந்த ஏடுகள் நமக்குச் செய்திருக்கும் உபகாரமும் சிறியதன்று. ராஜாக்களின் பட்டும் ஜரிகையும் பெட்டிகளில் பத்திரமாக இருக்கும். ஏழை எளியவர் உடுத்திய பருத்தித் துணிக்கு அந்தப் பாக்கியம் ஏது? சேலை நைந்தால் குழந்தைக்குத் தூளியாகும். தூளி கிழிந்தால் அடுப்படியில் கரித்துணியாகும். மிச்சமிருப்பது விளக்குத் திரிக்கு உதவும். இப்படி அடியோடு மறைந்துபோன சாதாரணத் துணிகளே ஏடுகளின் மடிப்புக்குள் வெயிலும் வெளிச்சமும் படாமல் நிறம் மங்காது கிடக்கின்றன. பிரெஸ்டன் நகருக்கு அளித்த பிரதி அவ்வூர்ப் பொருட்காட்சிசாலையிலேயே இருக்கிறது; அதன் பக்கங்களைக் கணினியில் பார்க்கும் வசதியும் செய்திருக்கிறார்கள். நமது கைத்தறிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு இத்தகைய மாதிரிகளின் முன் உட்கார்ந்து, அங்குலத்துக்குப் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். நீளம், அகலம், எடை மூன்றும் சீட்டிலேயே அச்சாகியிருக்கிற துணிகளுக்கு, நூலின் நம்பரைக் கணக்குப் போட்டு, இன்றைக்கும் தறியில் பாவு ஏற்றலாம்.