மீட்டரை நம்பாதே, மூடியைத் திற

நாமக்கல்லில் பழைய லாரி வாங்க வரும் அனுபவசாலி கிலோமீட்டர் மீட்டரை நம்புவதில்லை, அதைத் திருத்திவிடலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பார். குபுகுபுவெனப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும், சிலிண்டரின் உள் உறையான லைனரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். விலை அங்கேயே இறங்கும்!

1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய சென்னைக் கம்பெனியின் வண்டி உசத்தியா, டாடா உசத்தியா? சங்ககிரி டீக்கடைகளில் தீராத வழக்கு அது. எந்தக் கம்பெனி வண்டியானாலும், லாரி இன்ஜின் பல லட்சம் கிலோமீட்டர் தாங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம், தேய்ந்த லைனரைக் கழற்றிப் புதிது போடலாம் என்பது. பல கார்களில் அந்த வசதி கிடையாது.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்களே, தூசியில் நிற்கும் வண்டிக்கு லைனர் சீக்கிரம் தேயாமலிருக்க ஏர் ஃபில்டரை சர்வீஸ் கெடுவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.