பாட்டும் வேண்டும், காதும் வேண்டும்!

ஆவணி பிறந்துவிட்டால் மும்பையில் ஒலிபெருக்கிகளுக்கு ஓய்வு கிடையாது. பிள்ளையார் வருவதும் ஆட்டம் பாட்டத்தோடுதான், கடலுக்குப் போவதும் ஆட்டம் பாட்டத்தோடுதான். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நவராத்திரி தாண்டியா வந்துவிடும். பிறகு கல்யாண ஊர்வலங்கள். தை பிறந்தால் தாராவி போன்ற தமிழர் பகுதிகளில் பொங்கல் விழா, கோவில் கொடை, மெல்லிசைக் கச்சேரி.

பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் தொழிலாளிக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்கு வேறு இல்லை. டிக்கெட் வேண்டாம், பஸ் செலவு வேண்டாம். ஊரை விட்டு வந்தவர்கள் நாலு பேரோடு கூடி நிற்க ஒரு காரணமும் கிடைக்கிறது. அதில் யாரும் குறை சொல்வதற்கு இல்லை.

ஆனால் ஆட்டம் முடிந்து அறைக்குத் திரும்பிப் படுக்கும்போது காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு இரைச்சல் கேட்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. விடிந்தால் சரியாகிவிடும் என்று தூங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

மறு நடவு இல்லாத வயல்

செவிப்பறைக்கு உள்ளே, நத்தைக் கூட்டைப் போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய மயிர் செல்கள் உள்ளன. ஒலி வந்தால் அந்த மயிர்கள் அசைகின்றன. அந்த அசைவுதான் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகப் போகிறது.

வயலில் காற்றடித்தால் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதைப் போன்றது இது. அளவான காற்றுக்குப் பயிர் நிமிர்ந்து விடும். புயலடித்தால் படுத்துவிடும். படுத்த பயிருக்குப் பதில் அடுத்த போகம் நடலாம். காதில் மறு நடவு கிடையாது. கோழி முதலிய பறவைகளுக்கு இந்த செல்கள் திரும்ப முளைக்கின்றன என்பதை 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

“மறுநாள் சரியாகிவிட்டதே” என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு விஞ்ஞானிகள் சுண்டெலிகளைப் பலத்த சத்தத்தில் வைத்துப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். எலிகளின் கேள்வித் திறன் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் மயிர் செல்களையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகள் சில இடங்களில் பாதி வரை அழிந்து போயிருந்தன. மேலுக்குக் காது தேறிவிட்டது. உள்ளே நஷ்டம் நஷ்டம்தான். மனிதரிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்து வருகிறது.

பத்தா, பட்டா?

காது ஒரேயடியாகச் செவிடாகிவிடுவதில்லை. முதலில் போவது கீச்சுக் குரல்களைக் கேட்கும் திறன். வல்லின எழுத்துக்களைப் பிரித்துக் காட்டும் ஒலிகளில் பெரும்பகுதி அந்த உயர்ந்த சுருதியில்தான் இருக்கிறது. எனவே எதிராளி பேசுவது கேட்கும், என்ன சொன்னார் என்பது விளங்காது. ‘பத்து’ என்றாரா, ‘பட்டு’ என்றாரா என்று சந்தேகம் வரும்.

ஊரிலே இருப்பவருக்கு இது அவ்வளவு தொல்லை இல்லை. தாய்மொழியில் பாதி வார்த்தை விழுந்தாலும் மீதியை மனம் தானே நிரப்பிக் கொள்ளும். ஆனால் இந்தியிலும் மராத்தியிலும் உத்தரவு வாங்குகிற தமிழனுக்கு ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தாக வேண்டும். டெலிபோனில் பில் நம்பர் குறித்துக் கொள்ளும் குமாஸ்தாவுக்கும், பின்னால் வரும் வண்டியின் ஹாரனைக் கேட்டு ஒதுங்க வேண்டிய கைவண்டிக்காரருக்கும் காதுதான் முதலீடு. “கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை” என்று முதலாளி சலித்துக் கொள்ளும்போது, அது திமிர் என்றே எண்ணப்படுகிறது. காதுக் கோளாறாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றுகிறது?

சத்தத்தின் கணக்கு

ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். இந்த அளவு ரூபாய், அணாக் கணக்கைப் போல் கூடுவதில்லை. 3 டெசிபல் ஏறினாலே ஒலியின் சக்தி இரண்டு மடங்கு. 60-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல, பத்து லட்சம் மடங்கு.

அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள வரம்பு இது: 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி. 94 என்றால் ஒரு மணி. 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். 112 டெசிபலுக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடையாது.

மும்பையில் சுமைரா அப்துலாலி நடத்திவரும் ‘ஆவாஜ் பவுண்டேஷன்’ ஆண்டுதோறும் பிள்ளையார் ஊர்வலச் சத்தத்தை அளந்து வெளியிடுகிறது. 2022-ல் 120 டெசிபலையும் அந்தக் கருவி காட்டியது. இங்கே லாரி மேல் அடுக்கும் பெட்டிகளுக்கு ‘டால்பி’ என்று பெயர். அந்தப் பெயருள்ள கம்பெனிக்கும் இந்த அடுக்குகளுக்கும் சம்பந்தம் இல்லை. பெயரை மட்டும் ஊர் எடுத்துக் கொண்டது. இதோடு நாசிக் டோலும் தாஷாவும் சேர்ந்தால் நெஞ்சுக்கூடே அதிர்கிறது.

காதுக்குத் தொழிற்சாலைச் சத்தம் வேறு, சாமி ஊர்வலச் சத்தம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிக் கொள்கிறது. பகலில் பவர்லூம் அல்லது பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்றவர் அன்றைய வரம்பை அங்கேயே செலவழித்துவிட்டார். இரவில் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஆடுவதெல்லாம் கடன்தான்.

ஆம்ஸ்டர்டாம் சோதனை

இதற்கு வழி, தொழிற்சாலைகளில் கொடுக்கும் ‘இயர் பிளக்’. நுரைரப்பரில் செய்த சின்னஞ்சிறு காதடைப்பான். பலர் அதை மேஸ்திரி வரும்போது மாட்டிக் கொண்டு, போனதும் சட்டைப் பையில் போட்டு விடுகிறார்கள். அந்தப் பையிலேயே அது கச்சேரிக்கும் வரட்டும்.

அது பயன் தருமா என்று 2015 செப்டம்பரில் ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு சோதனை நடந்தது. திறந்தவெளி இசை விழா ஒன்றுக்கு 51 பேர் நாலரை மணி நேரம் அனுப்பப்பட்டார்கள். சராசரிச் சத்தம் 100 டெசிபல். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இயர் பிளக் தரப்பட்டது. விழா முடிந்ததும் பரிசோதித்தபோது, பிளக் இல்லாதவர்களின் காதுகளில் நூற்றுக்கு 42-ல் கேள்வித் திறன் தற்காலிகமாக மங்கியிருந்தது. பிளக் வைத்தவர்களிடம் அது நூற்றுக்கு 8 மட்டுமே. காது இரைச்சல் வந்தவர்கள், பிளக் இல்லாதவர்களில் நூற்றுக்கு 40. பிளக் வைத்தவர்களில் 12.

கணக்குப் போட்டாலும் இது விளங்கும். ஒழுங்காக மாட்டிய பிளக் 15 டெசிபல் குறைத்தாலே போதும். 100 என்பது 85 ஆகிறது. 15 நிமிடத்தில் தீர வேண்டிய வரம்பு 8 மணி நேரத்துக்கு வருகிறது.

“அடைத்துக் கொண்டால் பாட்டு கேட்குமா?” என்பது அடுத்த கேள்வி. தாராளமாகக் கேட்கும். நுரை பிளக் கீச்சு ஒலிகளைக் கொஞ்சம் கூடுதலாகக் குறைப்பதால் பாட்டு சற்று மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் குறைக்கும் வடிகட்டி வைத்த பிளக்குகள் இசைக் கலைஞர்களுக்காக 1980-களிலேயே வந்துவிட்டன. விலை அதிகம். 2025 ஜனவரியில் நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியத்தில் பாடிய ‘கோல்ட்பிளே’ குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின், தமக்குத் தீராத காது இரைச்சல் இருப்பதையும், காதைப் பாதுகாக்கத் தொடங்கிய பிறகு அது மோசமாகவில்லை என்பதையும் 2012-லேயே வெளிப்படையாகச் சொன்னவர். பாடுகிறவரே காதை அடைத்துக் கொள்ளும்போது கேட்கிறவர் வெட்கப்பட என்ன இருக்கிறது!

இந்திப் பட உலகின் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக்கும் 2024 ஜூனில் தமக்குத் திடீரென்று காது கேட்காமல் போனதை அறிவித்தார். காரணம் வைரஸ் தாக்குதல் என்று டாக்டர்கள் கூறினர்; சத்தம் அல்ல. ஆனாலும் ரசிகர்களையும் இளம் கலைஞர்களையும் அவர் எச்சரித்தது, மிகப் பலத்த இசையையும் ஹெட்போனையும் பற்றித்தான்.

மாட்டும் முறை

பஞ்சைத் திரித்து வைத்துக் கொள்வது பழைய வழக்கம். அதனால் சில டெசிபல்தான் குறையும். டோல் சத்தத்துக்கு அது காகித மதில். நுரை பிளக்கையும் காது வாசலில் சொருகி நிறுத்தினால் பயன் இல்லை. கையைச் சுத்தமாகக் கழுவி, பிளக்கை விரல்களால் ஊசி போல் மெல்லியதாக உருட்ட வேண்டும். எதிர்ப்புறக் கையைத் தலைக்கு மேல் கொண்டு வந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகும். அப்போது உள்ளே செலுத்தி, அரை நிமிடம் விரலால் அமுக்கிப் பிடித்தால் அது விரிந்து அடைத்துக் கொள்ளும். சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போல் கேட்டால் சரியாக மாட்டியாயிற்று. அழுக்கானதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். காதில் சீழ் வடிபவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டக் கூடாது.

தொழிற்சாலையில் கொடுக்காதவர்களுக்கு மருந்துக் கடைகளிலும், நாக்தேவி தெருவில் தொழில் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். சாதாரண ஜோடி இரண்டு மூன்று டீ குடிக்கும் செலவுதான். குழந்தைகளுக்கு பிளக் சரிப்படாது. காதை முழுவதும் மூடும் ‘மப்’ வேண்டும். தோளில் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு லாரியின் பெட்டிக்கு எதிரே நிற்கும் தகப்பன்மார், பிள்ளையின் காது தங்கள் காதை விடப் பெட்டிக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

பிளக் இல்லாத நாளில் கால்கள் இருக்கின்றன. திறந்தவெளியில் பெட்டியிலிருந்து உள்ள தூரத்தை இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். இரு பக்கமும் சுவர் உள்ள குறுகிய சந்தில் அவ்வளவு குறையாது. அங்கே விலகிப் போய்விடுவதே நல்லது. வீடு திரும்பும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாலையில் இறங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 112-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். ஆனால் வாடகை அறையில் இருக்கும் வெளியூர்க்காரர் எத்தனை பேர் மண்டல்காரர்களைப் பகைத்துக் கொண்டு போன் செய்வார்கள்?

இசை நிகழ்ச்சிகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் ஒதுக்க வேண்டும் என்பவை அதில் முக்கியம். தமிழர் சங்கங்கள் விழா நோட்டீஸ் அடிக்கும்போது, பந்தல் செலவோடு ஒரு பெட்டி இயர் பிளக்கையும் சேர்த்துக் கொண்டால் வரவு செலவில் பெரிய பள்ளம் விழாது.

இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றோ மறுநாளோ போய்விட வேண்டும். நாள் தள்ளத் தள்ள மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைகிறது. சயான், கே.இ.எம். ஆஸ்பத்திரிகளில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. கேள்வித் திறனை மட்டும் சோதித்துக் கொள்ள, 1983-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் பாந்திரா ரெக்லமேஷனில் இருக்கிறது. பாந்திரா ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்க வேண்டும்.